நார்விச் மின்னஞ்சல்களும் நாடாளுமன்றக் குழுவும்

வணக்கம் நேயர்களே.

2009 நவம்பர் மாதம். கோப்பன்ஹேகன் காலநிலை மாநாடு தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. இங்கிலாந்தின் நார்விச் நகரில் இருக்கும் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் கணினியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டு இணையத்தில் வெளியாயின. எல்லாம் அங்குள்ள காலநிலை ஆய்வுப் பிரிவின் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டவை. 1972இல் தொடங்கிய அந்தப் பிரிவுதான் உலகின் நிலப்பரப்பு வெப்பநிலைப் பதிவைத் தொகுத்துவரும் முக்கியமான இடங்களில் ஒன்று. அதன் இயக்குநர் பேராசிரியர் ஃபில் ஜோன்ஸ் விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். 2010 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை அறிவியல் தொழில்நுட்பக் குழு விசாரணையை அறிவித்தது.

அந்த விசாரணையைப் பற்றி இரண்டு பேச்சுகள் இன்றும் உலவுகின்றன. 'நாடாளுமன்றமே காலநிலை அறிவியலைச் சரி என்று சொல்லிவிட்டது' என்பது ஒன்று. 'அரசியல்வாதிகள் கூடி மூடி மறைத்துவிட்டார்கள்' என்பது மற்றது. இரண்டுமே தவறு. குழு எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்று பார்த்தால் போதும், அது விளங்கிவிடும்.

குழு எடுத்துக்கொண்ட கேள்விகள் மூன்று. வெளியான மின்னஞ்சல்கள் ஆய்வின் நேர்மையைப் பற்றி என்ன சொல்கின்றன? பல்கலைக்கழகம் சர் மியூர் ரஸ்ஸல் தலைமையில் அமைத்திருந்த தனி விசாரணையின் வரம்பு போதுமானதா? உலகில் இதே வேலையைச் செய்யும் மற்ற இரண்டு வெப்பநிலைத் தொகுப்புகள் உண்மையிலேயே தனித்தனியானவையா? 'பூமி சூடாகிறதா' என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அதை நாடாளுமன்ற உறுப்பினர்கள் கைதூக்கித் தீர்மானிக்க முடியாது என்பது குழுவுக்குத் தெரியும்.

இந்த மூன்றாவது கேள்விதான் என் பார்வையில் மிகவும் கூர்மையானது. அதைப் புரிந்துகொள்ள, உலக வெப்பநிலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு மலை உச்சியில் ஒரு வானிலை நிலையம், அடிவாரத்தில் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வெப்பநிலையையும் அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால், மலை உச்சி நிலையத்தை மூடிய மறு ஆண்டே 'சூடு ஏறிவிட்டது' என்று கணக்கு காட்டும். அதனால் நேரடி வெப்பநிலையை யாரும் சராசரி எடுப்பதில்லை. நார்விச் முறையில், ஒவ்வொரு நிலையத்துக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், 1961 முதல் 1990 வரையிலான முப்பதாண்டுச் சராசரியை முதலில் எடுக்கிறார்கள். பிறகு எந்த மாதத்தை எடுத்தாலும், அந்தச் சராசரியிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் குறிக்கிறார்கள். பூமியை அட்சரேகையில் 5 பாகை, தீர்க்கரேகையில் 5 பாகை என்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் உள்ள நிலையங்களின் விலகலைச் சராசரி செய்கிறார்கள். துருவத்தை நோக்கிப் போகப் போகக் கட்டத்தின் பரப்பு சுருங்கும். அதற்கேற்ப அதன் எடையையும் குறைக்கிறார்கள். கடைசியில் கடல் பரப்பின் அளவீடுகளைச் சேர்க்கிறார்கள்.

சொல்ல எளிது. சிக்கல் நிலையங்களில் இருக்கிறது. நகரத்துக்குள் இருந்த நிலையத்தை ஒருநாள் விமான நிலையத்துக்கு மாற்றியிருப்பார்கள். காலையில் படித்த வெப்பமானியை மாலையில் படிக்கத் தொடங்கியிருப்பார்கள். வெப்பமானியை வைக்கும் மரப்பெட்டியின் வடிவம் மாறியிருக்கும். சுற்றிலும் கட்டிடங்கள் எழுந்திருக்கும். இப்படி ஒன்று நடந்தால் அந்த நிலையத்தின் வரிசையில் திடீரென்று ஒரு படி தெரியும். பக்கத்து நிலையங்களில் அந்தப் படி இல்லையென்றால், அது வானிலையால் வந்ததல்ல என்று கண்டு திருத்துவார்கள். இந்தத் திருத்தத்தில்தான் ஆய்வாளரின் தீர்ப்பு நுழைகிறது. சந்தேகப்படுபவர்கள் மூலத் தரவைக் கேட்பதும் அதனால்தான். அந்தக் கோரிக்கை நியாயமானது. நார்விச் பிரிவோ 1980களில், சேமிப்பு இடம் அரிதாக இருந்த காலத்தில், சில நிலையங்களுக்குத் திருத்திய எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மூல எண்களைத் தன்னிடம் வைத்திருக்கவில்லை. மூலப்பதிவுகள் அந்தந்த நாட்டு வானிலைத் துறைகளிடம் இருக்க வேண்டியவை. ஆனாலும் கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாத நிலை அது.

மற்ற இரண்டு தொகுப்புகள் அமெரிக்காவில் உள்ளவை. ஒன்று நாசாவின் காடர்ட் நிறுவனம் செய்வது, மற்றது நோவா என்ற தேசியக் கடல் வளிமண்டல நிர்வாகம் செய்வது. இவை மூன்றும் பயன்படுத்தும் நிலையங்களில் பெரும்பகுதி பொதுவானவை. ஆகவே தரவைப் பொறுத்தவரை அவை முழுக்கத் தனித்தனி என்று சொல்ல முடியாது. முறையில் வேறுபடுகின்றன. ஆர்க்டிக் பகுதியில் நிலையங்கள் மிகக் குறைவு. நிலையம் இல்லாத கட்டத்தை நார்விச் காலியாக விட்டது. நாசாவோ ஒரு நிலையத்தின் விலகலை 1,200 கிலோமீட்டர் தூரம்வரை பரப்பிக் கணக்கிட்டது. ஆர்க்டிக் வேகமாகச் சூடாகிவந்ததால், நாசாவின் கணக்கில் 2005ஆம் ஆண்டு 1998ஐ முந்தியது. நார்விச் கணக்கில் 1998தான் முதலிடத்தில் நின்றது. எந்த ஆண்டு முதலிடம் என்பதில் வேறுபட்டாலும், நூறாண்டுப் போக்கில் மூன்றும் ஒத்துப்போயின. குழு இதை எடைபோட்டு ஒன்று சொன்னது. நார்விச் தரவு முழுதும் வெளியில் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், மற்ற தொகுப்புகளோடு ஒத்துப்போவதால் அதன் முடிவுகள் நம்பத்தக்கவையே என்பது அது.

அடுத்து, உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான அந்தச் சொற்கள். 1999 நவம்பர் மின்னஞ்சல் ஒன்றில் ஜோன்ஸ் ஒரு 'ட்ரிக்' பற்றியும் 'சரிவை மறைப்பது' பற்றியும் எழுதியிருந்தார். பலர் இதை, வெப்பநிலை குறைந்துகொண்டிருந்தது, அதை மறைத்தார்கள் என்று படித்தார்கள். அது எழுதப்பட்டபோது பதிவிலேயே மிகச் சூடான ஆண்டு 1998. வெப்பநிலை சரியவே இல்லை. சரிந்தது மர வளையம் காட்டிய எண். வெப்பமானி இல்லாத பழைய நூற்றாண்டுகளின் வெப்பநிலையை அறிய மர வளையங்களின் அடர்த்தியைப் பயன்படுத்துவார்கள். வட அட்சரேகைகளில் உள்ள சில மரங்களில், சுமார் 1960 வரை வளையமும் வெப்பமானியும் ஒன்றாகப் போகும். பிறகு வெப்பமானி மேலே போக, வளையம் கீழே இறங்கும். இந்த முரண்பாடு ஆய்விதழ்களில் ஏற்கெனவே விவாதிக்கப்பட்டதுதான். ஆனால் உலக வானிலை அமைப்பின் அறிக்கை அட்டைக்காக வரைந்த ஒரு வரைபடத்தில், மர வளையக் கோட்டை 1960 வாக்கில் வெட்டி, அதன் தொடர்ச்சியாக வெப்பமானி எண்ணை ஒட்டியிருந்தார்கள். அப்படிச் செய்ததை அங்கே தெளிவாகச் சொல்லவில்லை.

அந்தச் சொற்கள் தனிப்பட்ட கடிதத்தில் வரும் பேச்சுவழக்கு என்றும், திட்டமிட்டு ஏமாற்றும் முயற்சியின் பகுதியாக அவை தெரியவில்லை என்றும் குழு கூறியது. அதை ஏற்கலாம். ஆனால் வரைபடத்தின் அடியில் ஒரே ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அந்த வரைபடம் படிப்பவரைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோகக்கூடியது என்று பின்னர் மியூர் ரஸ்ஸல் விசாரணையும் சொன்னது.

குழு உண்மையிலேயே கடுமையாகப் பேசிய இடம் வேறு. அது தகவல் அறியும் உரிமை. 2009 ஜூலையில் சில நாட்களுக்குள் 61 கோரிக்கைகள் அந்தச் சிறிய பிரிவின்மேல் விழுந்தன. அது தொல்லையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தொல்லை வளர்ந்ததே முதலில் கேட்டவர்களுக்குக் கொடுக்காததால்தான். தகவலைத் தர மறுக்கும் பழக்கம் அங்கே இருந்தது என்றும், பல்கலைக்கழக நிர்வாகம் அதற்குத் துணைநின்றது என்றும் குழு எழுதியது. இன்னொரு ஓட்டையையும் அது சுட்டிக்காட்டியது. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுத் தகவல் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, கேட்கப்பட்ட தகவலை வேண்டுமென்றே அழிப்பது குற்றம். ஆனால் குற்றம் நடந்த ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். கேட்டவருக்கு மறுப்பு வந்து, அவர் மேல்முறையீடு செய்து, தகவல் ஆணையர் விசாரித்து முடிப்பதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிவிடும். 2008இல் சில மின்னஞ்சல்களை நீக்கச் சொல்லி ஜோன்ஸ் சக விஞ்ஞானிக்கு எழுதிய மின்னஞ்சல் வெளிச்சத்துக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது.

தரவோடு கணினி நிரலையும் வெளியிட வேண்டும் என்ற பரிந்துரைதான் அந்த அறிக்கையின் சாரம் என்பேன். ஜோன்ஸ் நடந்துகொண்டது அந்தத் துறையில் அன்று எல்லோரும் நடந்துகொண்ட மாதிரிதான், அந்த வழக்கமே மாற வேண்டும் என்றது குழு. வெளியாள் ஒருவரால் இந்தக் கணக்கைப் போட முடியுமா என்று மியூர் ரஸ்ஸல் குழுவினர் செய்தே பார்த்தார்கள். பொதுவில் கிடைத்த நிலையத் தரவை எடுத்து, தாங்களே நிரல் எழுதி, இரண்டு நாளுக்குள் வெப்பநிலைக் கோட்டை வரைந்துவிட்டார்கள். நார்விச் கோட்டோடு அது ஒத்துப்போனது.

குழுவின் குறையையும் சொல்லியாக வேண்டும். வாய்மொழி சாட்சியம் ஒரே ஒரு நாள், 2010 மார்ச் 1. அன்றே காலநிலைக் கொள்கைகளை விமர்சித்துவந்த முன்னாள் நிதியமைச்சர் லார்ட் லாசன், முன்னாள் தகவல் ஆணையர் ரிச்சர்ட் தாமஸ், ஃபில் ஜோன்ஸ், மியூர் ரஸ்ஸல், அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் ஜான் பெடிங்டன் என்று எல்லோரையும் கேட்டு முடித்தார்கள். மே 6 பொதுத்தேர்தல். ஏப்ரலில் நாடாளுமன்றம் கலையும். அதற்குள் முடிக்க வேண்டுமென்று மார்ச் 31இல் அறிக்கையைக் கொடுத்தார்கள். நேரம் இருந்தால் இன்னும் விரிவாக விசாரித்திருப்போம் என்று குழுவே ஒப்புக்கொண்டது. ஆழமாகப் பார்க்க வேண்டிய பலவற்றை அடுத்து வரவிருந்த விசாரணைகளின் தலையில் வைத்துவிட்டுக் கலைந்தது. அது சரியான முடிவல்ல என்பது என் கருத்து. 2011 ஜனவரியில் புதிய குழு திரும்பிப் பார்த்தபோது, மின்னஞ்சல் நீக்கக் குற்றச்சாட்டை மியூர் ரஸ்ஸல் விசாரணை முழுமையாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்று குறைப்பட்டுக்கொண்டது.

இத்தகைய அறிக்கையைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முன்பக்கச் சுருக்கத்தோடு நிறுத்தாதீர்கள். கடைசிப் பக்கங்களில் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு இருக்கும். எந்தப் பத்தியின்மேல் வாக்கெடுப்பு நடந்தது, யார் எந்தப் பக்கம் என்று அதில் தெரியும். இந்த அறிக்கை ஒருமனதானதல்ல என்பதும், தொழிற்கட்சி உறுப்பினர் கிரஹாம் ஸ்ட்ரிங்கர் முக்கியமான பத்திகளை எதிர்த்து வாக்களித்தார் என்பதும் அங்கேதான் இருக்கின்றன. சாட்சியங்கள் தனித் தொகுதியாக இருக்கும். கேள்விகளுக்கு வரிசை எண் உண்டு. அறிக்கை ஒரு கேள்வி எண்ணைச் சுட்டினால், அந்தப் பதிலை முழுதாகப் படித்து, சுருக்கியபோது பொருள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

2011 ஜூலையில், தகவல் ஆணையரின் உத்தரவுக்குப் பிறகு, நார்விச் தன்னிடமிருந்த நிலையத் தரவை ஏறக்குறைய முழுவதும் வெளியிட்டது. போலந்து அனுமதி மறுத்ததால் அந்நாட்டின் 19 நிலையங்கள் மட்டும் நின்றன. அதே ஆண்டு, முந்தைய தொகுப்புகளின்மேல் வெளிப்படையாகவே சந்தேகம் எழுப்பிவந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லி எர்த் என்ற குழுவோடு 39,000க்கும் மேற்பட்ட நிலையங்களை எடுத்து, வேறு புள்ளியியல் முறையில் முதலிலிருந்து கணக்குப் போட்டார். 1950களின் நடுவிலிருந்து நிலப்பரப்பு ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது என்று வந்தது விடை. அந்தக் குழு தரவையும் நிரலையும் சேர்த்தே இணையத்தில் வைத்தது.

நன்றி, வணக்கம்.