வடகமும் காயும், விளக்கும் எரியும்

நடுவர் ஐயாவுக்கும், திருமங்கலத்துப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம். சூரிய மின்சாரத்துக்கு ஏற்ற இடம் வெட்டவெளியா, மொட்டைமாடியா? மொட்டைமாடியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒன்று கேட்டார். "மாடி பூரா பேனலை மாட்டிவிட்டால் மதுரைப் பெண்கள் வடகத்தை எங்கே காயப்போடுவார்கள், நடுரோட்டிலா?" நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். வடகத்தைத் தொட்டுவிட்டார் ஐயா, இனி விட முடியாது.

செல்லூரில் என் அத்தை வீட்டுக்கு வாருங்கள், தம்பி. மாடியில் 3 கிலோவாட். மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். மாட்ட வந்த பையன்கள் தரையோடு தரையாகப் பொருத்தப் போனார்கள். அத்தை மாடிப்படியில் நின்று மறித்துவிட்டார். "ஏப்பா, என் வடகம் எங்க போறது?" ஆள் உயரத்துக்கு இரும்புக் கால் நிறுத்தி மாட்டச் சொன்னார். கூடச் செலவாகும்மா என்றார்கள். "ஆகட்டும்!"

இப்போது கைப்பிடிச் சுவர் ஓரத்து வெயிலில் வடகம் காய்கிறது. பேனலுக்கு அடியில், நிழலில், முக்காலி போட்டு அத்தை காக்கா விரட்டுகிறார். சித்திரை வெயிலில் தலையில் ஈரத்துண்டு போட்டுக் காவல் காத்தவர், தம்பி!

அதோடு முடியவில்லை. கணக்கெடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்து, "நீங்க வெளிய அனுப்புன யூனிட்டும் இதுல இருக்கும்மா" என்றார். "வெளியன்னா யாருக்கு?" "அக்கம்பக்கத்து வீடுகளுக்குத்தான்." அவ்வளவுதான், அத்தை மதில்மேல் எட்டி, "அடியே, ஒங்க வீட்டு மிக்சி எங்க மாடி வெயில்லதான்டி ஓடுது!" அன்று சாயங்காலம் அந்தத் தெருவே மீட்டர் பார்க்க வந்தது. வந்தவர்களுக்கு என்ன பொரித்துக் கொடுத்தார் தெரியுமா? அதே வடகம்!

சரி, கணக்குக்கு வருவோம். கமுதியில் 2016-ல் அமைந்த சூரிய மின் நிலையம் 648 மெகாவாட், மாடியால் ஈடுகொடுக்க முடியுமா என்றார் எதிரணித் தம்பி. வீட்டுக்கு 3 கிலோவாட் என்றால் 2,16,000 மாடி போதும். 2011 கணக்கெடுப்பிலேயே 30 லட்சம் பேருக்கு மேல் இருந்த மதுரை மாவட்டத்தில் அத்தனை மாடி கிடைக்காதா? வாடகைக்கு இருப்பவருக்கு மாடி ஏது என்பீர்கள். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்டுக் கூரையெல்லாம் யாருடையது? அவருக்கும் அதில் பங்கு எழுதுங்கள்.

ஒரே இடத்தில் பெரிதாக வைத்தால் யூனிட் மலிவு என்றார். மலிவுதான். மேய்ச்சலை இழந்தவனின் நஷ்டத்தை அந்த விலையில் யார் சேர்த்தார்கள்?

அருப்புக்கோட்டை தாண்டினால் என் அம்மாச்சி ஊர். தரிசு என்று தாளில் எழுதிய நிலம்தான். அங்கே சீமைக்கருவேல நெற்றைத் தின்று ஆடு வளர்ந்தது. அந்தக் கட்டையை அடுக்கி, வைக்கோல் மூடி, மண் பூசி அம்மாச்சி கரிமூட்டம் போடுவார். மண் விரிந்து காற்றுப் புகுந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே படுத்து, நடுராத்திரியில் எழுந்து விரிசலில் ஈரமண் அப்புவார். அவர் எரித்த கரி ஊரூராக இஸ்திரிப் பெட்டிக்குப் போனது. அவர் வீட்டில் கடைசிவரை சிம்னி விளக்குதான் ஐயா.

கரி கொடுத்த வீடு இருட்டில் கிடந்தது. வெயில் கொடுக்கிற ஊரும் அப்படிக் கிடக்க வேண்டுமா? அந்தக் காட்டுக்கு வேலி போடுவதற்கு முன்னால் எங்கள் மாடிகளைக் கேளுங்கள், தருகிறோம். அப்புறமும் நிலம் தேவை என்றால், அந்த ஊர்க்காரரைக் கூட்டி உட்காரவைத்து, வருமானத்தில் பங்கு பேசிவிட்டு எடுங்கள். மாடிக்கே தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.