உப்பிலேயே இருக்கட்டுமா, ஊறப்போடலாமா?

(காட்சி: பேரணாம்பட்டு, காலை நேரம். தோல் பதனிடும் டேனரியின் கேட் முன்னால் ஒரு லாரி.)

வணக்கம். 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. அன்று மாலை 6 மணி முதல் தமிழ்நாடு முழுக்க 144 என்று அறிவித்துவிட்டார்கள். இந்த கேட்டுக்கு வெளியே ஒரு லாரி நிறைய உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வந்து நிற்கிறது. உள்ளே இரண்டு டிரம்மில் தோல் சுண்ணாம்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் இருந்து தோல் வாங்கும் பையரிடமிருந்து இரண்டு நாளாக மெயில் இல்லை. ஆபீசில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். எதிரில் சூப்பர்வைசர் வந்து நிற்கிறார். அந்த சூப்பர்வைசர் என் தாய்மாமா.

"பாய், லாரியை இறக்கி ஊறப்போட்டுடலாமா?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேசப்போகிறேன். தொழில் நடத்துகிறவர்கள் நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று நெட்டில் தேடினால், கோட் போட்ட ஒருவர் கண்ணாடிக் கட்டிடத்தின் ஜன்னலோரம் நின்று தூரத்தைப் பார்க்கிற படம்தான் வரும். நம்ம ஊர் முதலாளிக்கு அந்த ஜன்னல் கிடையாது. சுண்ணாம்பு வாடை உண்டு, வாசலில் கூலிக்கு நிற்கும் ஆட்கள் உண்டு, பேங்க் மேனேஜரின் மிஸ்டு கால் உண்டு.

(காட்சி: உப்புத் தோல் அடுக்கு, டிரம், நீல நிறத் தோல். ஒவ்வொன்றாக.)

மாமா கேட்டது ஏன் அவ்வளவு பெரிய கேள்வி என்று புரிய, தோல் தொழில் கொஞ்சம் தெரிய வேண்டும். உப்புப் போட்ட தோல் கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முடி நீங்கச் சுண்ணாம்பில் விட்டுவிட்டால் கதை வேறு. அப்புறம் நிறுத்த முடியாது. சுண்ணாம்பை எடுத்து, ஆசிட்டில் பக்குவப்படுத்தி, குரோம் ஏற்றி, அது நீலமாக மாறும் வரை ஓடியே ஆக வேண்டும். நாலைந்து நாள் வேலை. நடுவில் விட்டால் தோல் தளர்ந்து, விரலை வைத்து இழுத்தால் பிய்ந்து வரும். நீலமாகிவிட்டால், அதாவது வெட் ப்ளூ ஆகிவிட்டால், மறுபடியும் நிம்மதி. கிடங்கில் அடுக்கி வைத்துக் காத்திருக்கலாம். அதன்பின் சாயம். இள நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகலாம். கறுப்பாக்கிய தோலைத் திரும்ப வெளுப்பாக்க வழியில்லை.

ஆக, இந்த வேலையில் நின்று மூச்சு வாங்கக்கூடிய இடங்கள் சில இருக்கின்றன. கால் வைத்துவிட்டால் மறு கரை போய்ச் சேர்ந்தே ஆக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. நல்ல முதலாளிக்கு எது எது என்று தெரியும். நான் சொல்ல வந்த விஷயமே இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு உதாரணம்.

அந்த பாய் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். லாரி உப்போடு கிடங்குக்குப் போகட்டும். சுண்ணாம்பில் இருக்கும் இரண்டு டிரம்மையும் நீலம் வரை ஓட்டியாக வேண்டும். யார் உள்ளேயே தங்கச் சம்மதிக்கிறார்களோ அவர்கள் மட்டும் இருக்கட்டும், சாப்பாடு என் வீட்டிலிருந்து வரும். இத்தனையும் சொல்வதற்கு முன்னால் அவர் போட்ட முதல் ஃபோன் பையருக்கோ பேங்குக்கோ இல்லை. கழிவுநீரை வாங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. "அஞ்சு நாளைக்குத் தண்ணி வாங்கிக்குவீங்களா?" அங்கே முடியாது என்றால் இங்கே டிரம் சுற்ற முடியாது. எந்தக் கயிறு அறுந்தால் எல்லாம் விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற ஃபோன்களெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆறு பேர் தங்கினார்கள். அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து 21 நாள் ஊரடங்கு என்றார். லாரியை இறக்கி ஊறப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

(காட்சி: இரண்டு கதவுகள். ஒன்று இரு பக்கமும் திறக்கிறது.)

இதையேதான் அமேசானின் ஜெஃப் பெசோஸ், 2015-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் கதவு என்ற உவமையில் எழுதினார். சில முடிவுகள் ஒருவழிக் கதவு, போனால் திரும்ப முடியாது; அவற்றை நிதானமாக எடுங்கள். பெரும்பாலான முடிவுகள் இருவழிக் கதவு, பிடிக்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடலாம். அவற்றை வேகமாக எடுங்கள். அடுத்த ஆண்டுக் கடிதத்தில், உங்களுக்கு வேண்டும் என்று தோன்றும் தகவலில் சுமார் 70 சதவீதம் கையில் இருந்தாலே பெரும்பாலும் முடிவெடுத்துவிடலாம், 90 வரட்டும் என்று உட்கார்ந்தால் பல நேரம் தாமதமாகிவிடும் என்றார். சரிதான். ஆனால் நம்ம டேனரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஊறப்போட்டுவிட்ட தோலுக்கு 70 சதவீதமாவது, 90 சதவீதமாவது! தகவல் வந்தாலும் வராவிட்டாலும் சுண்ணாம்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி வரும். பத்து நிமிடத்தில் எடுத்த முடிவை நம்பலாமா? மனசில் தோன்றுவதை எப்போது நம்புவது?

இதில் இரண்டு பெரிய ஆட்கள் எதிரெதிர் பக்கம் நின்றார்கள். உளவியலாளர் கேரி க்ளைன் தீயணைப்புப் படைத் தலைவர்களைக் கவனித்தவர். அவர்கள் நாலு வழியை வரிசைப்படுத்தி ஒப்பிடுவதில்லை, அனுபவத்தில் முதலில் தோன்றும் வழி வேலைக்கு ஆகுமா என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள் என்று கண்டவர். டேனியல் கானமன், 2002-இல் பொருளாதார நோபல் வாங்கியவர், உள்ளுணர்வு நம்மை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று காட்டியவர். இருவரும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சுருக்கமாக இவ்வளவு: நீங்கள் செய்யும் வேலை ஓர் ஒழுங்கில் நடப்பதாக இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று உங்களுக்கு உடனுக்குடன் தெரிந்து பழகியிருக்க வேண்டும். அங்கேதான் உள்ளுணர்வை நம்பலாம்.

என் மாமா ஈரத்தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் அரை நாள்" என்பார். நம்பலாம். முப்பது வருடமாக அழுத்துகிறார், தப்பினால் அடுத்த வாரமே தெரிந்துவிடும். அதே மாமா டீக்கடையில் உட்கார்ந்து யூரோ அடுத்த மாதம் ஏறும் என்று சொன்னால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். முதலாளிகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம். தோலில் கிடைத்த தைரியத்தை டாலரில் காட்டுவார்கள்.

(காட்சி: பாலாறு. வறண்ட மணல், தூரத்தில் பாலம்.)

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, 'சந்தேகமா, உப்பிலேயே விட்டுவிடு' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்ம வட ஆற்காட்டிலேயே அதற்கு ஒரு பெரிய பாடம் நடந்தது.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. டேனரிக் கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் கலக்கிறது என்று வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு. ஐந்து மாவட்டங்களின் 900-க்கும் மேற்பட்ட டேனரிகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ சொந்தச் சுத்திகரிப்பு வசதியோ இருக்க வேண்டும். சுத்திகரிப்பு வசதி செய்யுங்கள் என்று அரசு பத்து வருடமாகச் சொல்லிவந்ததும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

பத்து வருடம் தள்ளிப்போட்டதற்கு மூன்று மாதக் கெடு. அந்த மூன்று மாதம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் எவ்வளவு நெருக்கடியாக இருந்திருக்கும்! அதற்காக நான் பரிதாபப்பட மாட்டேன். அந்த நெருக்கடி வானத்திலிருந்து விழவில்லை. உப்பில் கிடக்கிறது, காத்திருக்கலாம் என்று அவர்கள் நினைத்தது உண்மையில் சுண்ணாம்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது அடுத்தவர் கிணற்றில் என்பதால் வாடை தெரியவில்லை. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு ஆகாமல் போனது என்று தீர்ப்பு சொல்கிறது. அந்த நிலக்காரர்களுக்குத் திரும்பி வரும் கதவு இல்லை.

தள்ளிப்போடும்போது நஷ்டம் யார் தலையில் ஏறுகிறது? அதைக் கேட்காமல் 'பொறுமை' என்று பெயர் வைக்கக் கூடாது.

(காட்சி: பழைய கணினிச் சிப் படம்.)

இன்னொரு விதமான முடிவு இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் எடுக்காதது. 1985-இல் இன்டெல் கம்பெனி மெமரி சிப் தொழிலில் ஜப்பான்காரர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தது. அவர்கள் வளர்ந்ததே அந்தச் சிப்பில், விட மனசில்லை. கம்பெனியின் பிரசிடென்ட் ஆண்ட்ரூ க்ரோவ், சேர்மன் கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மைத் தூக்கிவிட்டு புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டு வெளியேறுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய்த் திரும்பி உள்ளே வந்து அதைச் செய்தால் என்ன என்றார் க்ரோவ். செய்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு நஷ்டம்தான், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்ம பாயிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஊரடங்குக்கு முன்பே அந்த ஐரோப்பா ஆர்டருக்காக இளம்பழுப்புச் சாயம் ஏற்றி முடித்த க்ரஸ்ட், அதாவது சாயம் ஏற்றிக் காயவைத்த, இன்னும் மேற்பூச்சு போடாத தோல். கடைசியில் மெயில் வந்தது, இரண்டு வரி: ஆர்டர் ரத்து. பாய் மனசுக்கு அந்த நிறம் ரொம்பப் பிடித்தது. வேறு பையர் வருவார், வருவார் என்று மாதங்கள் ஓடின. வட்டியும் கூடவே ஓடியது.

ஒருநாள் அவர் மருமகன் கிடங்கைச் சுற்றிப் பார்த்தார். சொந்தக்காரர்தான், ஆனால் தோல் தொழில் தெரியாதவர், சென்னையில் ஐடி வேலை. "மாமா, இதை இன்னைக்கு யாராவது உங்ககிட்ட விக்க வந்தா, என்ன விலைக்கு வாங்குவீங்க?"

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் மாமாவைக் கூப்பிட்டார். மறுநாள் காலை டிரம்மில் கறுப்புச் சாயம் போட்டார்கள். சேஃப்டி ஷூ செய்கிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள், நஷ்டத்துக்குத்தான். சாயம் போடுவதற்கு முன் பாய் அந்தப் பழுப்பில் ஒரே ஒரு தோலை மட்டும் உருவி எடுத்து வைத்துக்கொண்டாராம். இப்போதும் அது அவர் ஆபீஸ் மேஜை மேல் விரிந்து கிடக்கிறது, டீ கிளாஸ் அதன் மேல்தான் வைப்பார்.