கல்லைக் கடித்துப் பார்க்கும் காலேஜ் பாடம்! சாக்லேட்டுக்கும் சேற்றுக்கும் என்ன உறவு?

(திரையில்: உள்ளங்கையில் ஒரு சாம்பல் நிறக் கல்துண்டு)

வணக்கம் மக்களே! இந்தக் கல் உங்கள் கையில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். நிலவியல் படித்தவர் அப்படிச் செய்ய மாட்டார். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்த்து, முன்பல்லில் வைத்துக் கடிப்பார்.

விளையாட்டு இல்லை, நிஜமாகவே கடிப்பார்கள். நறநற என்றால் அதில் வண்டல் இருக்கிறது. வழவழவென்று வழுக்கிக்கொண்டு போனால் களி, அதாவது களிமண். விரலுக்குப் பிடிபடாத வித்தியாசத்தைப் பல் பிடித்துவிடும்.

சரி, இது என்ன படிப்பு? உணவு அறிவியல், புவி அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய மூன்றுக்கும் கல்லூரியில் முதலாம் ஆண்டு அறிமுகப் பாடங்கள் உண்டு. 'ஈஸி பேப்பர்' என்று நினைத்துச் சேருகிறவர்கள்தான் அதிகம். பாடத்திட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: மூவகைப் பாறைகள், 1812-இல் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோல், கண்டத் தட்டுகளின் நகர்வு, புரதம், கொழுப்பு, கிருமிகள், பதப்படுத்துதல், நைட்ரஜன் சுழற்சி, ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்துவரும் கார்பன் டை ஆக்சைடு. அப்பாடா! இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்த மூன்று வகுப்புகளிலும் ஒரே கேள்வி வேறு வேறு வேஷத்தில் வருகிறது: துகள் எவ்வளவு பெரியது?

மண்ணிலிருந்து தொடங்குவோம். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை மணல். அதற்குக் கீழே 0.002 வரை வண்டல். அதையும்விடச் சின்னது களி. இது மண் அறிவியல்காரர்களின் கணக்கு. நிலவியல்காரர்கள் களியின் எல்லையை 0.004 என்று வைத்திருக்கிறார்கள். ஒரே சேறுதான், பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் இரண்டு அளவு! தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டால், பேப்பர் திருத்துபவர் எந்தத் துறை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாக்லேட். அதில் இருக்கும் சர்க்கரையையும் கோகோவையும் 20 முதல் 30 மைக்ரான் வரை நைசாக அரைப்பார்கள். 1000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துகள் இதைவிடப் பெரிதாக ஆக, நாக்கு 'மணல் மாதிரி இருக்கிறது' என்று முறையிட ஆரம்பிக்கும். அந்த 20, 30 மைக்ரானை மண் அட்டவணையில் தேடிப் பாருங்கள். சரியாக வண்டலில் போய் உட்காரும்! நல்ல சாக்லேட்டும் ஆற்று வண்டலும் துகள் அளவில் அண்ணன் தம்பி. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியானால் வண்டலும் வாயில் கரைய வேண்டியதுதானே? கரையாது. அதில் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் எண் 7, பல்லின் எனாமல் சுமார் 5. சர்க்கரை விட்டுக்கொடுக்கும், குவார்ட்ஸ் பல்லையே கீறும். அதனால்தான் நறநற. அதனால்தான் இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்கிறேன்.

(திரையில்: மூடி போட்ட பாட்டிலில் கலங்கல் தண்ணீர்)

இப்போது இந்த வீடியோவின் கதாநாயகர். 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர், துகள் இறங்கும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். பள்ளி இயற்பியலில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்பீர்கள். சாராம்சம் இதுதான்: துகள் 10 மடங்கு சின்னதானால் 100 மடங்கு மெதுவாக இறங்கும். தண்ணீரில் 10 சென்டிமீட்டர் இறங்க, மணலின் கடைசி எல்லையில் இருக்கும் துகளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வண்டலின் கடைசித் துகளுக்குச் சுமார் 8 மணி நேரம். மண் ஆய்வகத்தில் மாணவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான். குறித்த நேரத்தில் தண்ணீரில் இன்னும் எவ்வளவு மிதக்கிறது என்று அளந்தால் மணல், வண்டல், களியின் விகிதம் வந்துவிடும்.

இதே சூத்திரத்தைத் தலைகீழாக்கினால் பால். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, அதனால் இறங்காமல் மேலே ஏறும். ஏறாமல் தடுப்பது எப்படி? சின்னதாக்கிவிடு! 1899-இல் பிரான்ஸின் ஒகஸ்ட் கோலன் காப்புரிமை வாங்கிய இயந்திரம் அதைத்தான் செய்தது. பாலை மிக நுண்ணிய இடுக்கு வழியாக அழுத்தித் தள்ளி, 4 மைக்ரான் அளவுள்ள கொழுப்புத் துளிகளை 1 மைக்ரானுக்கும் கீழே உடைப்பார்கள். துளி நான்கில் ஒன்றானால் ஏறும் வேகம் பதினாறில் ஒன்று. பாலாடை மேலே வந்து சேர்வதற்குள் பாலைக் குடித்து முடித்திருப்பீர்கள்.

சுற்றுச்சூழல் வகுப்பில் இதே ஸ்டோக்ஸ் காற்றில் வருகிறார். நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் துகள், அசையாத காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வரச் சுமார் 8 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 1 மைக்ரான் துகளோ சுமார் அரை நாள் ஜாலியாக மிதக்கும். காற்று வீசினால் கேட்கவே வேண்டாம். சஹாராவின் தூசு அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காடு வரை போவது இப்படித்தான். செய்திகளில் பி.எம். 2.5 என்று கேட்கிறீர்களே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவானதும். மூக்கு, தொண்டையில் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போகும் அளவு.

இன்னொரு குட்டி ஆச்சரியம்: களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரிய, ஆய்வகத்தில் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கலப்பார்கள். அதே பொருள் இ452 என்ற உணவுச் சேர்க்கை எண்ணோடு உணவுப் பொட்டலத்தின் லேபிளிலும் வரும்.

ஒரு எச்சரிக்கை. கடிக்கலாம் என்றேனே, அது புதிதாக உடைத்த கல்லின் சில்லு. தோட்டத்து மண்ணை வாயில் வைக்காதீர்கள். புழு முட்டையோ ஈயமோ இருக்கலாம். ஆய்வகத்துக்குள் எதையுமே வாயில் வைக்கக் கூடாது. மண்ணுக்கு விரலே போதும்: ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா மாதிரி தள்ளுங்கள். 2.5 சென்டிமீட்டருக்குள் முறிந்தால் களி குறைவு. 5 சென்டிமீட்டரைத் தாண்டியும் முறியாமல் வந்தால் களி ஏராளம்.

அதையும் செய்யச் சோம்பலாக இருந்தால் பாட்டில் சோதனை. ஒரு பங்கு மண், மூன்று பங்கு தண்ணீர், மூடி போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் நிமிடத்தில் அடியில் தங்கும் படலத்தின் உயரத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறியுங்கள். அது மணல். மறுநாள் காலையிலும் மேலே தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறதா? எத்தனை மணி நேரத்தில் தெளிந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள். மூன்று நாளாகியும் தெளியவில்லை என்றால் அந்த பாட்டிலை வீட்டில் யாரும் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையது அப்படித்தான் போயிற்று.