எம்ஆர்டி ரயிலின் தலைமுறையைச் சொல்லும் எண்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரின் நகர ரயில் சேவையான எம்ஆர்டியின் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு பாதைகளில் 1987 முதல் ஏழு வகை ரயில்கள் ஓடியிருக்கின்றன. எது எந்தத் தலைமுறை என்று பார்க்க நிறத்தை நம்பாதீர்கள். புதுப்பிக்கும்போது பழைய ரயிலுக்கும் புதுச் சாயம் ஏறிவிடும். சுரங்க நிலையங்களில் தடுப்புக் கதவுகள் உயரமானவை என்பதால் முகப்பும் சரியாகத் தெரியாது.

பெட்டிக்குள் முனைச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். அதைப் பாருங்கள். முதல் இலக்கம் பெட்டி வகையைச் சொல்லும். 3 என்றால் ஓட்டுநர் அறை உள்ள பெட்டி, அதில் மோட்டார் கிடையாது. 1, 2 என்றால் மோட்டார் பெட்டி. மீதி மூன்று இலக்கங்கள் தொகுதி எண். மூன்று பெட்டி ஒரு தொகுதி, இரண்டு தொகுதி ஒரு ரயில். முதல் ரயிலை எடுத்துக்கொண்டால் 3001, 1001, 2001, அப்புறம் 2002, 1002, 3002 என்று வரிசை போகும்.

தொகுதி எண்தான் தலைமுறை. 001 முதல் 132 வரை கவாசாக்கி நிறுவனத்தின் சி151 வகை, மொத்தம் 66 ரயில்கள். தொகுதி எண் 2-இல் தொடங்கினால் 1995-இல் வந்த சீமென்ஸ் சி651. 3 என்றால் சி751பி, 2000-இல் வந்தது. சரிந்த முகப்பு இதன் அடையாளம். 5, 6, 7 முறையே சி151ஏ, சி151பி, சி151சி. பின்னிரண்டையும் கண்ணால் பிரிப்பது வீண்வேலை, எண்ணைப் பார்த்துவிடுவதே மேல். 8, 9 என்றால் 2023-இல் ஓடத் தொடங்கிய ஆர்151.

ஒலியை வைத்துக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. சி151 முதலில் டிசி, அதாவது நேர்மின்னோட்ட மோட்டாரில் ஓடியது. சி651-இல்தான் ஏசி, அதாவது மாறுமின்னோட்ட மோட்டார் வந்தது. புறப்படும்போது இரண்டின் முனகலும் வேறு. ஆனால் பின்னாளில் சி151 ரயில்களில் தோஷிபாவின் நிரந்தரக் காந்த மோட்டாரைப் பொருத்தினார்கள். பழைய உடம்பு, புதிய குரல். காதை மட்டும் நம்பினால் தவறு நேரும்.

எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சி151ஏ வகையில் 35 ரயில்கள். அவற்றில் 26-இல் அலுமினியப் பாகங்களில் மயிரிழை விரிசல் கண்டு, தயாரித்த சீனத் தொழிற்சாலைக்கே அனுப்பினார்கள். பெட்டிக்கூடு புதிதாக மாறியது, எண் பழையதாகவே நின்றது.

சி151 66, சி651 19, சி751பி 21, கூட்டினால் 106. இந்த மூன்றுக்கும் மாற்றாக நிலப் போக்குவரத்து ஆணையம் வாங்கிய ஆர்151-உம் சரியாக 106-தான். எண்ணைத் தேட நேரமில்லாவிட்டால், முதல் பெட்டியிலோ கடைசிப் பெட்டியிலோ ஏறி, சுவரோடு மடங்கும் இருக்கைகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது ஆர்151 போன்ற புதிய ரயிலாக இருக்கும்.