பிடித்த பேண்டின் புது ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் திட்டலாமா?

உசிலம்பட்டியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணே, காலேஜ் நாளில் இருந்து நான் கேட்கிற ஒரு இண்டிபென்டன்ட் ராக் பேண்ட் புது ஆல்பம் விட்டிருக்கிறது. கிட்டார் குறைந்து கீபோர்டு ஏறிவிட்டது. பழைய ரசிகர்கள் எல்லாரும் கழுவி ஊற்றுகிறார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. நானும் திட்டலாமா, பொறுத்துப் பார்க்கவா?"

பேண்ட் பேரையும் எழுதியிருக்கிறார், நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆல்பத்தை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்வீர்கள்.

தம்பி, முதலில் எதில் கேட்டீர்கள்? ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, பஸ் ஸ்பீக்கரில் வேறு பாட்டு அலற, போனைக் காதோடு ஒட்டிக் கேட்டிருந்தால் அதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. அந்த அடி ஓசையைத் தர போன் ஸ்பீக்கரால் முடியாது, அதற்கு மேலே உள்ள உயர்ந்த அதிர்வுகள் மட்டும்தான் உங்கள் காதுக்கு வரும். ராக்கின் எடையே அந்த அடியில்தான் இருக்கிறது. "சப்பென்று இருக்கு" என்று வருகிற புகாரில் பல, போன் மேல் போக வேண்டியவை. நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ரேடியோ செட் வாடகைக்கு விடுகிற நண்பர் யாராவது இருந்தால் இன்னும் விசேஷம், பெரிய பாக்ஸில் ஒரு தடவை முழுதாக ஓடவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் இந்த "முன்ன மாதிரி இல்ல". ரேடியோஹெட் என்கிற இங்கிலாந்து ராக் பேண்டின் 1997 ஆல்பம் 'ஓகே கம்ப்யூட்டர்', கிட்டார் ஆல்பம். ஊரே கொண்டாடியது. 2000 அக்டோபரில் 'கிட் ஏ' வந்தபோது கிட்டார் பின்னால் போய், சிந்தசைசர், அதாவது மின்னணு ஓசை தருகிற கீபோர்டு, முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. முன்னோட்டமாக ஒரு தனிப் பாட்டுகூட (சிங்கிள்) விடவில்லை. ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள், விமர்சகர்களிலும் சிலர் ஏசினார்கள். ஒன்பது வருடம் கழித்து, அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன் பத்திரிகையும் பிட்ச்ஃபோர்க் இசைத் தளமும் அதையே போட்டன. அதற்காக மாறினதெல்லாம் மேதாவித்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாறிச் சொதப்பினவர்கள்தான் அதிகம், அவர்கள் பேர் நமக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதான்.

ரசிகர்கள் சொன்னது சரியாக இருந்த கதையும் உண்டு. மெட்டாலிகா, அமெரிக்க மெட்டல் பேண்ட், உங்கள் பேண்ட் மாதிரி சின்னவர்கள் இல்லை, ராட்சசர்கள். 2008இல் 'டெத் மேக்னெட்டிக்' விட்டார்கள். சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியதில் டிரம்ஸ் கரகரத்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமிலும் வந்தன, அதில் சிறு ஓசை, பெரு ஓசை எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருகிற அமுக்கல் அவ்வளவு இல்லை. ரசிகர்கள் இரண்டின் அலைவடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். கேமில் வந்தது மேடு பள்ளமாக இருந்தது, ஆல்பத்தில் வந்தது செங்கல் மாதிரி சதுரமாக. மறுபடி மிக்ஸ் செய்யுங்கள் என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்தும் போட்டார்கள். எது கெட்டது, எங்கே கெட்டது என்று கையில் எடுத்துக் கொடுத்தார்கள் பாருங்கள், எனக்கு அந்தத் திட்டு பிடிக்கும்.

அதனால் தாராளமாகத் திட்டுங்கள் தம்பி. "மூணாவது பாட்டில் சரணம் வரும்போது குரல் கீபோர்டுக்குள் முங்குது" என்று எழுதினால் அவர்கள் உட்கார்ந்து திரும்பக் கேட்பார்கள். ஸ்டுடியோ வாடகையைச் சொந்தக் காசில் கட்டுகிற பசங்களுக்கு இப்படிக் காது கொடுத்துச் சொல்கிற ஆள் கிடைப்பது அபூர்வம். இன்னொன்று, ஸ்பாட்டிஃபையில் 30 விநாடிக்குள் தள்ளிவிட்டால் அந்தப் பாட்டு கேட்ட கணக்கிலேயே வராது. திட்டுவதற்காகவாவது முழுசாகக் கேளுங்கள்.

அப்படியும் பிடிக்கவில்லையா, விடுங்கள். பழைய ஆல்பம் எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஆனால் அவர்கள் மதுரைப் பக்கம் வாசிக்க வந்தால் போய் நில்லுங்கள், மேடையில் அதே பாட்டு வேறு மாதிரி இருக்கும். இந்த மாதிரி பேண்டுகள் சென்னை, பெங்களூரோடு நின்றுவிடுகின்றன என்பது என்னுடைய தனிப் புகார்.

சரி, அடுத்தது மேலூரில் இருந்து. ஆம்ப்ளிஃபயரில் ஓயாத உறுமல் வருகிறதாம்.