பழைய பெர்ஃபார்மன்ஸ் கார்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? அல்சூர்ல இருந்து ஒரு ஞாயித்துக்கிழமைப் பேச்சு

வணக்கம் எல்லாருக்கும். மணி காலையில அஞ்சே முக்கால். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை ஓரமா வண்டியை நிறுத்திட்டு உள்ள உக்காந்திருக்கேன். இப்ப பேசினாத்தான் உண்டு. ஏழு மணி ஆயிடுச்சுன்னா இந்த ரோட்டுல ஹாரன் சத்தத்துக்கு நடுவுல என் குரல் எடுபடாது.

போன வீடியோல ரெண்டு கார் பாத்துட்டு இருக்கேன்னு சொல்லியிருந்தேன். ஒண்ணு 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ, ஒரு சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, மொத்தம் இருபது, 150 குதிரைத்திறன், அஞ்சு கியர் மேனுவல். இன்னொண்ணு 2008 பிஎம்டபிள்யூ 325ஐ. 2.5 லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில, டர்போ கிடையாது, 218 குதிரைத்திறன், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 2007-ல சென்னைக்குப் பக்கத்துல மறைமலை நகர்ல பிஎம்டபிள்யூ தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க இல்லையா, அங்க முதல்ல கோத்த வண்டிகள்ல இந்த 3 சீரிஸும் ஒண்ணு. அதனாலயே அது மேல எனக்கு ஒரு தனிப் பாசம்.

எதை எடுத்தேன்னு கடைசி வரைக்கும் காக்க வைக்க மாட்டேன். இதோ பாருங்க, கியர் நாப். அஞ்சு கியர். ஆர்எஸ் எடுத்துட்டேன்.

ஆனா "மேனுவல்தான் உண்மையான டிரைவிங்"னு சொல்றதுக்காக இந்த வீடியோ போடல. அந்தப் பேச்சை நான் நம்பறதும் இல்ல. இந்த வண்டிகள் புதுசா வந்த காலத்துல எது வேகம், எது சுகம்னு பாத்து வாங்கினாங்க, அது நியாயம். இப்ப அதுங்களுக்குப் பதினஞ்சு, இருபது வயசு. இந்த வயசுல கேக்க வேண்டிய கேள்வி வேற. இந்தக் கியர்பாக்ஸ் எப்படிக் கெடும்? கெடறதுக்கு முன்னாடி நமக்குச் சொல்லுமா? கெட்டா இந்த ஊர்ல யார் கை வைப்பாங்க? நாலு மாசம் நான் அலைஞ்சது இந்த மூணு கேள்விக்காகத்தான்.

மேனுவல் கெடும்போது சத்தம் போட்டுச் சொல்லும். அதுதான் அதோட பெரிய குணம். எஞ்சின் ஓடட்டும், கியர் நியூட்ரல்ல இருக்கட்டும், கிளட்சுல இருந்து காலை எடுங்க. ஒரு உறுமல் கேக்குதா? கிளட்சை மிதிச்சதும் அது நின்னு போகுதா? அப்படின்னா கியர்பாக்ஸுக்குள்ள முதல் ஷாஃப்ட் பேரிங் தேஞ்சிருக்கு. அதுவே மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங். ரெண்டுக்கும் செலவுல எவ்வளவோ வித்தியாசம். ரிலீஸ் பேரிங் கிளட்ச் வேலையோட முடிஞ்சிடும், முன்னது பாக்ஸையே பிரிக்க வைக்கும்.

அப்புறம் நாலாவது கியர்ல மெதுவாப் போய்க்கிட்டே ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்துங்க. வேகம் ஏறாம ஆர்பிஎம் முள் மட்டும் ஏறினா கிளட்ச் பிளேட் போயிடுச்சு. மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்குக் கொஞ்சம் வேகமா இறக்கிப் பாருங்க. கரகரன்னு பல்லைக் கடிச்சா, கியர் மாறும்போது ரெண்டு பக்க வேகத்தையும் ஒண்ணாக்கற சிங்க்ரோ தேஞ்சிருக்கு. வேகமா ஓட்டின வண்டிகள்ல பெரும்பாலும் முதல்ல அடி வாங்கறது ரெண்டாவது கியர்தான். மலை இறக்கத்துல காலை எடுத்ததும் கியர் தானா நியூட்ரலுக்கு வந்து விழுந்தா, அந்த வண்டியை விட்டுட்டு வந்துடுங்க.

நான் எடுத்த ஆர்எஸ்ல கிளட்ச் முடியற நிலைமையிலதான் இருந்தது. தெரிஞ்சேதான் எடுத்தேன், அந்தத் தொகையை விலையில குறைச்சுக்கிட்டேன். டர்போ வண்டி வாங்கப் போறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். எஞ்சினோட சேந்து சுத்தற கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல், கிளட்ச் அது மேலதான் உக்காரும். நிறைய வண்டியில சாதா ஃப்ளைவீல் இருக்காது, உள்ள ஸ்பிரிங் வெச்ச டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கும். கிளட்ச் செட் விலையை மட்டும் கேட்டுட்டு பட்ஜெட் போட்டீங்கன்னா, பாக்ஸ் இறங்கினப்புறம் இன்னொரு பெரிய பில் வந்து நிக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜேசி ரோட்டுல நாலு கடை ஏறி இறங்கி ரெண்டுக்கும் சேத்து விலை கேட்டுட்டுத்தான் நான் பேரம் பேசவே உக்காந்தேன்.

இப்ப ஆட்டோமேட்டிக். இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டிப் பேசறதைப் பாத்தா எனக்கு உண்மையிலேயே கோவம் வரும்.

முதல் வகை டார்க் கன்வெர்ட்டர். அந்த 325ஐ-ல இருந்தது இதுதான். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல எண்ணெய். ஒரு பக்கம் சுத்தற எண்ணெய் மறு பக்கத்தைச் சுத்த வைக்கும். டிராஃபிக்ல ஊர்ந்தாலும் தேயறதுக்கு நடுவுல பிளேட் இல்ல, சூடாகறது எண்ணெய்தான். அந்தச் சூட்டைக் கூலர் வெளிய எடுத்துட்டுப் போயிடும். நல்லா பாத்துக்கிட்டா ரொம்ப வருஷம் உழைக்கிற சாதனம் இது.

"நல்லா பாத்துக்கிட்டா"ன்னு சொன்னேன்ல, சிக்கல் அங்கதான். அந்தக் காலத்துல நிறைய வண்டிக்கு "ஆயுள் முழுக்க ஆயில் மாத்த வேண்டாம்"னு சொல்லித்தான் வித்தாங்க. ஆனா கியர்பாக்ஸ் செஞ்ச ஜெட்எஃப் கம்பெனியே 80,000-ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தணும்னு சொல்லுது. செஞ்சவன் பேச்சைக் கேளுங்க. மூணு ஓனர் கை மாறின வண்டியில இந்த ஆயில் ஒரு தடவையாவது மாறியிருக்கான்னு பில்லோட காட்டச் சொல்லுங்க. அந்த பில் இருந்தா வண்டிக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம், தப்பே இல்ல.

இன்னொரு விஷயம். இந்தத் தலைமுறை 3 சீரிஸ்ல சில வண்டிக்கு ஜெட்எஃப் பாக்ஸ், சில வண்டிக்கு ஜிஎம் பாக்ஸ். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. வண்டியை லிஃப்ட்ல ஏத்திக் கீழ இருக்கிற தகட்டைப் படிச்சாத்தான் எந்த ஃபில்டர், எந்த ஆயில்னு உறுதியாச் சொல்ல முடியும்.

நான் அந்தக் காரைப் பாக்கப் போன கதையைச் சொல்லியே ஆகணும். காலையில எட்டு மணிக்கு வரேன், வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்கன்னு கேட்டுக்கிட்டேன். போய் பானெட் மேல கையை வெச்சா சுடுது. எனக்கு அப்பவே மனசு விழுந்துடுச்சு. ஆட்டோமேட்டிக்கோட வியாதி எல்லாம் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியிலதான் தெரியும். ரிவர்ஸ்ல இருந்து டிரைவுக்குப் போட்டா ஒரு செகண்டுக்கு மேல யோசிக்குதா, இடிச்சுக்கிட்டு விழுதான்னு ஆறின வண்டியில பாக்கணும். அப்புறம் சூடானதும் அறுபது எழுபதுல சீராப் போகும்போது, ரோட்டு ஓரத்துல இருக்கிற கோட்டு மேல டயர் ஏறின மாதிரி ஒரு நடுக்கம் வருதான்னு பாக்கணும். வந்தா கன்வெர்ட்டருக்குள்ள லாக்கப் கிளட்ச் தேஞ்சிருக்கு, அதாவது சீரான வேகத்துல மட்டும் ரெண்டு பக்கத்தையும் நேரடியா இணைக்கிற கிளட்ச். மறுநாள் திரும்பவும் போனேன், சொல்லாம. ஆறின வண்டி ரிவர்ஸ்ல விழ ரெண்டு செகண்ட் எடுத்துச்சு. எஞ்சினோ பட்டு மாதிரி. அந்த ஆறு சிலிண்டர் சத்தத்தைக் கேட்டுட்டு வேண்டாம்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு கேட்டவங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டாவது ஜாதி டூயல் கிளட்ச், நம்ம ஊர்ல டிஎஸ்ஜின்னு சொல்றது. சாதாரணமா விக்கற கார்ல இதை முதல்ல கொண்டு வந்தது 2003-ல, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32-ல. ரெண்டு கிளட்ச், ஒண்ணு ஒத்தைப்படை கியருக்கு, ஒண்ணு ரெட்டைப்படை கியருக்கு. நீங்க மூணாவதுல ஓட்டும்போதே நாலாவது தயாரா நிக்கும். கியர் மாறற வேகத்துக்கு மனுஷக் கை ஈடு கொடுக்க முடியாது, அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனா இதுலயும் ரெண்டு. ஆறு கியர் டிஎஸ்ஜியில கிளட்ச் எண்ணெய்க்குள்ள முழுகி இருக்கும், 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை அந்த எண்ணெயை மாத்தணும். ஏழு கியர்ல, அதாவது போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி வண்டியில வந்தது, உலர் கிளட்ச். 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான் அது தாங்கும். உலர் கிளட்சுக்குப் பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு, ஊர்றது. ஊரும்போது கிளட்ச் பாதி பிடிச்சு, பாதி வழுக்கும். உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் உங்களுக்காகக் காலைப் பாதி கிளட்சுலயே வெச்சிருக்குன்னு நினைச்சுக்கோங்க. 2013-ல இந்த ஏழு கியர் வண்டிகளை உலகம் முழுக்கத் திரும்பக் கூப்பிட்டு, உள்ள இருந்த செயற்கை எண்ணெயை எடுத்துட்டு மினரல் எண்ணெய் ஊத்தினாங்க. சூடும் ஈரப்பதமும் இருக்கிற ஊர்ல, நின்னு நின்னு போற டிராஃபிக்ல, மின்சாரக் கோளாறு வந்ததுதான் காரணம்.

நின்னு நின்னு போற டிராஃபிக்னா நம்ம ஊருதானே. 2022-ல டிராஃபிக்கைக் கணக்கெடுக்கிற டாம்டாம் கம்பெனி போட்ட கணக்குல பெங்களூரு நகர மையத்துல 10 கிலோமீட்டர் போக சராசரி 29 நிமிஷம் 10 செகண்ட். உலகத்துலயே ரெண்டாவது இடம். உலர் டிஎஸ்ஜி ஏற்கெனவே வெச்சிருக்கீங்களா, பயப்பட வேண்டாம், ஒரு பழக்கத்தை மட்டும் மாத்திக்கோங்க. முன்னாடி வண்டி ரெண்டடி நகந்ததும் நீங்களும் நகராதீங்க. பிரேக்கை நல்லா அழுத்தியே வெச்சிருங்க, அப்பத்தான் கிளட்ச் முழுசா விடும். ஒரு கார் நீளத்துக்கு இடம் விழட்டும், அப்புறம் ஒரே மூச்சுல போங்க. பின்னாடி ஆட்டோக்காரர் திட்டுவாரு, திட்டட்டும்.

நம்ம ஊரோட இன்னொரு விஷயத்தையும் நான் கணக்குல எடுத்துக்கிட்டேன். பெங்களூரு கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல. இங்க காத்து லேசு. டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சுமார் பத்துல ஒரு பங்கு பலம் இங்கயே போயிடும். டர்போ காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்றதால அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடு கட்டிடும். டர்போ இல்லாத எஞ்சினோட பழைய நாலு, அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக் சேந்தா நந்தி மலை ஏத்தத்துல வண்டி எந்தக் கியருக்குப் போறதுன்னு தடுமாறும். அந்த மாதிரி வண்டிக்கு மட்டும் நான் யோசிக்காம மேனுவல்னு சொல்லுவேன்.

அப்ப எனக்கு ஏன் மேனுவல்? காரணத்தைச் சொன்னா உங்களுக்கு ஆச்சரியமா இருக்கலாம். மெட்ரோ. 2023 அக்டோபர்ல பர்ப்பிள் லைன் வைட்ஃபீல்டு வரைக்கும் முழுசா ஓட ஆரம்பிச்சதுல இருந்து நான் ஆபீஸுக்குக் கார் எடுக்கறதே இல்ல. அல்சூர்ல ஏறினா நேரா இறங்கிடலாம். டிராஃபிக்கை மெட்ரோ எடுத்துக்கிச்சு, எனக்கு மிச்சம் ஞாயித்துக்கிழமைதான். மெட்ரோ இல்லாம தினமும் சில்க் போர்டு சிக்னல் நெரிசலைத் தாண்டிப் போறவளா இருந்திருந்தா, ஆயில் மாத்தின பில் இருக்கிற ஒரு டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்காக இன்னும் ஆறு மாசம் காத்திருப்பேன். தினசரி வண்டியும் ஆசை வண்டியும் ஒண்ணே ஒண்ணுதான்னா உங்களுக்கும் நான் அதைத்தான் சொல்லுவேன். இடது கால் வலியோட எந்தக் காரையும் நேசிக்க முடியாது.

டெல்லியில இருந்து வர்ற வண்டிகளைப் பத்திச் சுருக்கமா. அங்க 15 வருஷம் தாண்டின பழைய பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கறதால விலை மலிவாக் கிடைக்கும், ஆசை வரும். அந்த ஊர் ஆர்டிஓ கொடுக்கற தடையில்லாச் சான்று, என்ஓசி, கையில இருக்கா, இங்க ஆயுள் வரி எவ்வளவு வரும், வண்டி ஓடத் தகுதின்னு சொல்ற எஃப்சி கிடைக்குமா, இதெல்லாம் ஆர்டிஓ-ல கேட்டப்புறம் பணம் கொடுங்க. கியர்பாக்ஸ் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஆர்எஸ் எடுக்கறதுல எனக்கு இருந்த ஒரே கவலை அப்பா. அப்பா கோலார் தங்கவயல்காரர். 2001-ல சுரங்கத்தை மூடினதும் குடும்பத்தோட இங்க வந்து, ரொம்ப வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார், ஸ்டியரிங் பக்கத்துல இருக்குமே, அந்த ஹேண்ட் கியர். இப்ப எழுபது தாண்டிடுச்சு, இடது முழங்கால் வலி. ஆட்டோமேட்டிக் எடுத்தா அவரும் ஓட்டலாமேன்னுதான் அந்த 325ஐ பின்னாடியே அவ்வளவு சுத்தினேன். அவர்கிட்ட கேட்டப்ப, "எனக்காக வாங்காதம்மா, நீ ஓட்டறதை வாங்கு"ன்னுட்டார். போன வாரம் புதுக் கிளட்ச் போட்டாச்சு. மிதி முன்ன இருந்ததுல பாதிதான் கனம். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பழைய பிரஷர் பிளேட் அவ்வளவு இறுகிப் போயிருந்திருக்கு. அது புரிஞ்சதும் வீட்டுக்குப் போய், "அப்பா, காலை வெச்சுப் பாருங்க"ன்னு கூப்பிட்டேன். நாலஞ்சு தடவை மிதிச்சுப் பாத்தார். ஒண்ணும் சொல்லல. ராத்திரி சாப்பிடும்போது, "ஞாயித்துக்கிழமை ரோடு காலியா இருக்கும் இல்ல?"ன்னு கேட்டார்.

அதோ, தெரு முனையில வர்றாரு, கையில ஃபிளாஸ்க். ஓல்டு மெட்ராஸ் ரோட்டுல ஹொசக்கோட்டை வரைக்கும் அவர்தான் ஓட்டறார். நான் இந்தப் பக்க சீட்டுக்கு மாறிக்கிறேன். கேமராவை அணைச்சுடறேன்.