டோனர் கருமுட்டை: பேக்கேஜ் விலைக்குள் என்ன இருக்கிறது?

[திரையில்: மாதிரிச் செலவு மதிப்பீட்டுத் தாள்]

வணக்கம். சொந்தக் கருமுட்டையில் வாய்ப்புக் குறைவு, வேறொரு பெண் தானமாகத் தரும் கருமுட்டைக்கு, அதாவது டோனர் கருமுட்டைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு தம்பதியின் கைக்கு வரும் காகிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தடித்த எழுத்தில் 'டோனர் பேக்கேஜ்' என்று தலைப்பு, எதிரே ஒற்றைத் தொகை. அடியில் பொடி எழுத்தில் 'மருந்து, உறைநிலைக் கட்டணம் தனி' என்று ஒரு வரி. மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. இப்போது சேர்ந்து படிப்போம்.

சென்னை, கோவை போன்ற ஊர்களில் டோனர் கருமுட்டையுடன் ஒரு சுற்று ஐவிஎஃப் (ஆய்வகத்தில் கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்ய ஏறத்தாழ 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் ரூபாய் வரை கேட்கிறார்கள். ஸ்பெயினில் 6,000 முதல் 10,000 யூரோ. பிரிட்டனில் தனியார் மையங்களில் 10,000 பவுண்டுக்கு மேல். அமெரிக்காவில் புதிதாக எடுத்த கருமுட்டை என்றால் 30,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் பலர் இந்த எண்களைப் பார்த்ததுமே ஊருக்கு டிக்கெட் எடுக்க நினைக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தந்த நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதைப் பொறுத்து, கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பதும் மாறுகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

[திரையில்: 7 என்ற எண்]

இந்தியாவில் உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கருமுட்டை தருபவருக்கு வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தரலாம். ஏழு கருமுட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவருடைய கருமுட்டையை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கவும் கூடாது.

ஏழு என்றால் ஏழு குழந்தைக்கான வாய்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஏழும் முதிர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முதிர்ந்தவற்றிலும் சில விந்தணுவோடு சேராது. சேர்ந்து உருவான கருக்களில் சில மூன்றாம் நாளே வளர்ச்சியை நிறுத்திவிடும். ஐந்தாம் நாள் வரை வளர்ந்து, கருப்பையில் வைக்கத் தகுந்தவையாக இரண்டோ மூன்றோ மிஞ்சினால் அது நல்ல பலன். ஒன்றோடு நின்றுவிடுவதும் உண்டு. எனவே 'பதினைந்து முட்டை எடுத்துத் தருகிறோம்' என்று ஒரு மையம் சொன்னால், சட்டத்தை மீறப் போகிறோம் என்று அது உங்களிடமே சொல்கிறது. 'ஒரு டோனரை இரண்டு தம்பதிகள் பகிர்ந்துகொண்டால் செலவு பாதியாகும்' என்பதும் அப்படித்தான். மலிவாக இருக்கிறதே என்று சம்மதித்துவிடாதீர்கள்.

அடுத்தது, எத்தனை முறை முயல வேண்டியிருக்கும் என்பது. பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பான எச்எஃப்இஏ வெளியிடும் கணக்கின்படி, டோனர் கருமுட்டையில் உருவான ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, பெறுபவரின் வயது எதுவானாலும், 30 சதவீதத்துக்கு மேல். 43 வயதைத் தாண்டியவர் சொந்தக் கருமுட்டையில் முயன்றால் அது ஒற்றை இலக்கம்தான். டோனர் முறை இவ்வளவு நம்பிக்கை தருவது இதனால்தான். ஆனாலும் முதல் முயற்சி பலிக்காமல் போகும் தம்பதிகள் ஏராளம். இரண்டாவது முறை, உறைய வைத்த கருவை வைக்கும் கட்டணம், கருப்பை உட்சுவரைத் தயார்செய்யும் மாத்திரைகள், அதன் பிறகு கரு தங்க உதவும் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன் ஊசி, மிஞ்சிய கருக்களை உறைய வைத்துப் பாதுகாக்க ஆண்டுதோறும் உறைநிலைக் கட்டணம் ஆகிய அனைத்தும் பேக்கேஜுக்கு வெளியே நிற்கலாம். கையிலிருக்கும் சேமிப்பு முழுவதையும் முதல் சுற்றிலேயே கட்டிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

மருத்துவக் காப்பீடு கைகொடுக்குமா? உங்கள் பாலிசியில் விலக்குகள் பகுதியைத் திறந்து 17ஆம் எண் விலக்கைப் பாருங்கள். மலட்டுத்தன்மைக்கான சிகிச்சையை விலக்கும் பொதுவான விதி அது. பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. ஆனால் ஒரு சிறு நிம்மதி உண்டு. ஐவிஎஃப் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. சிகிச்சைக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி போட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

[திரையில்: தாளில் ஒரு வரி பெரிதாகிறது. 'டோனர் காப்பீடு']

இந்த வரியைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கருமுட்டை தரும் பெண் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார். இடையிடையே ஸ்கேன். கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக நீண்ட ஊசியைச் சினைப்பைக்குள் செலுத்திக் கருமுட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வரலாம். அதற்காகத்தான் அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று விதி. செலவு தம்பதியுடையது. அது கொடுக்க வேண்டிய பணம். பேரம் பேச வேண்டிய இடம் அதுவல்ல.

2022இல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 16 வயதுச் சிறுமியின் வயதைக் கூட்டிக் காட்டும் போலி ஆதாரைக் கொண்டு, அவளிடமிருந்து பலமுறை கருமுட்டை எடுக்கப்பட்டது என்பது வழக்கு. தாய் உட்படச் சிலர் கைதானார்கள். அந்தக் கருமுட்டைகளைப் பெற்ற தம்பதிகளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. தரகர் வழியாக வரும் மலிவு விலையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கருமுட்டையை விற்பதும் வாங்குவதும் குற்றம். பதிவுபெற்ற கருமுட்டை வங்கி (டோனர்களைப் பரிசோதித்து ஏற்பாடு செய்யும் நிறுவனம்) வழியாகத்தான் டோனர் வர வேண்டும்.

[திரையில்: ஐரோப்பா, கனடா வரைபடம்]

வெளிநாட்டு விலைகளுக்கும் காரணம் உண்டு. பிரிட்டனில் 2005 ஏப்ரல் முதல் டோனரின் பெயரை மறைக்க முடியாது. குழந்தைக்கு 18 வயதானதும் அவர் யார் என்று கேட்டறியலாம். டோனருக்குத் தரும் ஈட்டுத்தொகை 2024 அக்டோபர் முதல் 986 பவுண்டு. ஸ்பெயினில் பெயர் வெளியாகாது, ஈட்டுத்தொகையும் உண்டு என்பதால் முன்வருபவர்கள் அதிகம். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து அங்கே போகிறார்கள். கனடாவில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி டோனருக்குப் பணம் கொடுப்பது குற்றம், கைச்செலவை மட்டும் ஈடுசெய்யலாம். அதனால் உள்நாட்டில் டோனர்கள் குறைவு. பலர் அமெரிக்க வங்கிகளிலிருந்து, உறைய வைத்த கருமுட்டையை அமெரிக்க விலைக்கே வரவழைக்கிறார்கள். ஈழத்தமிழர்கள் அதிகம் வாழும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கருமுட்டை தானத்துக்கே அனுமதியில்லை. அங்கிருப்பவர்களுக்கு வெளிநாடு ஒன்றுதான் வழி. மலிவு என்பதற்காக மட்டும் அவர்கள் சென்னைக்கு வருவதில்லை.

அப்படி வருபவர்கள் ஒன்றை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மிஞ்சிய கருவை நினைத்தபோது கையோடு எடுத்துச் செல்ல முடியாது. இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக, இந்தச் சிகிச்சைகளை மேற்பார்வையிடும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் அடுத்த முயற்சிக்கு மறுபடி இங்கேதான் வர வேண்டும். இருவருக்கும் விமான டிக்கெட், தங்குமிடம், வேலையிலிருந்து விடுப்பு என எல்லாவற்றையும் இரண்டு பயணங்களுக்குக் கணக்கிட்டு, அதன்பிறகு ஸ்பெயினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி குறைந்துவிடும்.

முன்பணம் கட்டுவதற்கு முன், அந்த மையமும் டோனரைத் தரும் வங்கியும் தேசியப் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பதிவு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். வங்கியின் பெயரைச் சொல்லத் தயங்கும் மையத்தில், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.